வாசகர் கேள்வி பதில்: குறைந்த பணத்தில் கணினி ஸ்பீக்கர்

கல்லூரிகள் திறந்துவிட்டன. லேப்டாப்போடு சேர்த்து ஸ்பீக்கரும் வாங்க நினைக்கும் மாணவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். வீட்டில் கேட்டு வாங்கிய ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வீணாகக் கூடாது என்ற அக்கறையோடு, எண்களையும் செய்முறையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

விடுதி அறையில் வைத்துக்கொள்ள ஸ்பீக்கர் வேண்டும். 2,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கடையில் "3000 வாட் பிஎம்பிஓ" என்று எழுதிய 2.1 சப்-ஊஃபர் செட் (இரண்டு சிறு ஸ்பீக்கர், அடிச்சுருதிக்கு ஒரு தனிப் பெட்டி) ஒன்றையும், கிரியேட்டிவ் பெபிள் என்ற சிறிய ஜோடி ஒன்றையும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் காட்டினார்கள். பெபிளில் 4.4 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. எதை வாங்குவது?
— முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர், மதுரை

சிறிய ஜோடியை வாங்குங்கள்.

முதலில் அந்த 3000. பிஎம்பிஓ என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தப் பொது விதியும் கிடையாது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த ஒரு துளியில் வந்துபோகும் உச்சத்தை எப்படி வேண்டுமானாலும் பெருக்கி அட்டையில் அச்சடிக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய மின்திறன். அட்டையில் ஆர்எம்எஸ் போடவில்லை என்றால் செட்டோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். "12 வோல்ட், 2 ஆம்பியர்" என்று இருந்தால் 12 x 2 = 24 வாட். அதற்கு மேல் அந்த ஸ்பீக்கரால் தொடர்ந்து தரவே முடியாது. சர்க்யூட் சூடாவதில் போவதையும் கழித்தால் கையில் வருவது இன்னும் குறைவு. 3000 எங்கே, 24 எங்கே!

அடுத்தது, உங்களுக்கு உண்மையில் எத்தனை வாட் தேவை? சின்ன ஸ்பீக்கர் ஒன்று 1 வாட் வாங்கிக்கொண்டு 1 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 82 டெசிபல் ஒலி தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் உங்கள் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் 60 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அருகில் இருப்பதால் 4 டெசிபலுக்குச் சற்று அதிகமாகவும், இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 டெசிபலும் கூடும். ஆக ஒவ்வொன்றுக்கும் 1 வாட் கொடுத்தாலே 89 டெசிபலைத் தொடுகிறது. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவுதான். பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேசை ஸ்பீக்கருக்கு 2, 3 வாட் நேர்மையாக இருந்தால் போதும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய 10 மடங்காக வேண்டும். 10 வாட்டா, 20 வாட்டா என்று கடையில் நின்று குழம்ப வேண்டியதில்லை.

இந்த விலையில் வரும் 2.1 செட்டில் என்ன குறை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பணத்தில் பெரும்பகுதி பெட்டிக்கும் பளபளக்கும் விளக்குக்கும் போய்விடும். பக்கத்தில் வைக்கும் இரண்டு குட்டி ஸ்பீக்கர்களும் மெல்லிய பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இருக்கும். அவை ஒழுங்காகப் பாடத் தொடங்குவதே 200 ஹெர்ட்ஸ் வாக்கில்தான். சப்-ஊஃபரோ 80, 90 ஹெர்ட்ஸ் அருகே ஒரே சுருதியில் "தும் தும்" என்று முழங்கிவிட்டு ஓய்ந்துவிடும். இடையில் விழும் பள்ளத்தில்தான் ஆண் குரலின் அடிப்பகுதியும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் இருக்கின்றன. கடை இரைச்சலில் அந்த முழக்கம் கம்பீரமாகத் தெரியும். அறைக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் கேட்டால் தலைவலிக்கும்.

பெபிளில் 2 அங்குல டிரைவர் (ஒலி எழுப்பும் கூம்பு) இரண்டும் 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒலி மேசையில் மோதாமல் நேராக முகத்துக்கு வருகிறது. மின்சாரத்தை யுஎஸ்பியில் எடுத்துக்கொள்கிறது. பாட்டு 3.5 மிமீ ஒயரில் போகிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் எதிர்பார்க்காதீர்கள். குத்துப்பாட்டின் அடி நெஞ்சில் விழாது. குரல், வீணை, வகுப்புப் பாடம், படத்தின் வசனம் எல்லாம் தெளிவாக இருக்கும். விடுதிக்கு அது போதும்.

பிறகு பணம் சேர்ந்தால் அடுத்த படியாக 4 அங்குல டிரைவரும், மேல்சுருதிக்கென்று தனி ட்வீட்டரும் உள்ள மரப்பெட்டி ஜோடிக்குப் போங்கள். எடிஃபையர் ஆர்1280டி இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. பக்கத்துக்கு 21 வாட் ஆர்எம்எஸ். 2.1தான் வேண்டும் என்றால் மொத்த வாட்டையும் ஆர்எம்எஸ்ஸில் வெளிப்படையாகப் போடும் செட்டாகப் பாருங்கள். லாஜிடெக் இசட்313 அப்படி ஒன்று: மொத்தம் 25 வாட், அதில் 15 சப்-ஊஃபருக்கு.

யுஎஸ்பி ஒயர் மட்டும் உள்ள ஸ்பீக்கரில் "20 வாட்" என்று போட்டிருக்கிறது. சாத்தியமா?
— பாலிடெக்னிக் மாணவி, சேலம்

பழைய யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். நீல நிறத் துளை (3.0) என்றால் 4.5 வாட். யுஎஸ்பி-சி துளை சில லேப்டாப்களில் 15 வாட் வரை தரும். தாளத்தின் ஒரு அடிக்கு மட்டும் உள்ளே சேமித்த மின்சாரம் கைகொடுக்கும் என்பதால் ஒரு கணத்துக்கு அதிகம் காட்டலாம், தொடர்ந்து முடியாது.

இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு பயன் உண்டு. சத்தத்தைக் கூட்டியதும் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினாலோ, ஒவ்வொரு அடிக்கும் விளக்கு மங்கினாலோ ஸ்பீக்கரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, மின்சாரம்தான் போதவில்லை. யுஎஸ்பி முனையை லேப்டாப்பிலிருந்து எடுத்து 5 வோல்ட் 2 ஆம்பியர் மொபைல் சார்ஜரில் செருகிப் பாருங்கள். பாட்டும் அதே யுஎஸ்பி ஒயரில் போகும் மாடல் என்றால் இது உதவாது. பெபிள் வி3 போன்றவற்றின் அடியில் ஒரு சிறு கெயின் ஸ்விட்ச் (ஒலியின் உச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) இருக்கும். போதிய மின்சாரம் இல்லாத துளையில் அதைக் குறைந்த பக்கமே வைத்திருங்கள்.

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?
— முதுகலை மாணவர், கோவை

மாற்ற வேண்டாம். அந்த இரைச்சல் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். லேப்டாப் சார்ஜர் ஒரு வழியில் எர்த்தோடு இணைகிறது, ஸ்பீக்கர் இன்னொரு வழியில் இணைகிறது. இரண்டுக்கும் நடுவே 3.5 மிமீ ஒயரின் எர்த் கம்பி பாலம் போடுகிறது. இப்படி உருவாகும் வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம் பாட்டோடு கலந்து பெருக்கப்பட்டு உங்களுக்குக் கேட்கிறது.

அதுதானா என்று உறுதிசெய்ய, ஸ்பீக்கரை ஆன் செய்தபடியே 3.5 மிமீ முனையை லேப்டாப்பிலிருந்து உருவுங்கள். ஒயரின் மறுமுனை ஸ்பீக்கரிலிருந்தும் கழலும் என்றால் அதையும் கழற்றுங்கள். எல்லாம் கழன்ற பிறகும் இரைச்சல் இருந்தால் கோளாறு ஸ்பீக்கரின் உள்ளே. பெரும்பாலும் மின்வழங்கியில் இருக்கும் பெரிய வடிகட்டிக் கப்பாசிட்டர் வறண்டிருக்கும் அல்லது தலை உப்பியிருக்கும். 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் போன்ற அந்தப் பாகம் மலிவானது. எந்த எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரும் மாற்றித் தருவார். அதே மைக்ரோஃபாரட் அளவும், அதே அல்லது அதைவிட அதிக வோல்ட் அளவும் இருக்க வேண்டும். குறைந்த வோல்ட் போட்டால் வெடிக்கலாம்.

ஒயர் இணைந்திருக்கும்போது மட்டும், அதுவும் சார்ஜ் ஏறும்போது மட்டும் இரைச்சல் வந்தால் முன்னே சொன்ன வளையம்தான். முதல் வேலையாக லேப்டாப் சார்ஜர், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பல அறைகளில் இதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால் அந்தச் சுவர் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று மெல்லிய கூச்சம் தெரிகிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அதற்குப் பிறகும் இருந்தால் "கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்" என்று கேட்டு வாங்குங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான டப்பா; உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 3.5 மிமீ ஒயரில் செருக வேண்டும். பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டிவிடும், எர்த் இணைப்பு அறுந்துவிடும். மலிவானவற்றில் மிகக் கீழான பேஸ் கொஞ்சம் கரையும். ஆனால் உங்கள் சின்ன ஸ்பீக்கர் அந்தப் பகுதியைப் பாடுவதே இல்லை, இழப்பு தெரியாது. யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினால் இது தீரும் என்று சிலர் சொல்வார்கள். தீராது, யுஎஸ்பி ஒயரிலும் அதே எர்த் கம்பி ஓடுகிறது.

சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைப்பதையும், எர்த் பின் இல்லாத மாற்று பிளக்கைப் போடுவதையும் மட்டும் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கும்தான். ஆனால் சார்ஜருக்குள் இன்சுலேஷன் போன அன்று மின்சாரம் உங்கள் கைக்கு வரும்.

இதன் தம்பி ஒன்று உண்டு. யுஎஸ்பியில் மின்சாரம், 3.5 மிமீயில் பாட்டு, இரண்டும் ஒரே லேப்டாப்பிலிருந்து எடுக்கும்போது மவுஸை நகர்த்தினால் "ஞ்ஞீ" என்று கீச்சிடும். யுஎஸ்பி முனையை மொபைல் சார்ஜருக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

வீடியோ எடிட்டிங் கற்கிறேன். ப்ளூடூத் ஸ்பீக்கரில் உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை. விலை கூடிய ப்ளூடூத் வாங்கினால் சரியாகுமா?
— விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி, சென்னை

ஆகாது. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிக்க நேரம் பிடிக்கிறது. வழக்கமான எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் 150 முதல் 250 மில்லி நொடி வரை தாமதம் சாதாரணம். நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. 200 மில்லி நொடி தாமதம் என்றால் 5 ஃபிரேம் தள்ளிப்போகிறது. அதை நம்பி வெட்டினால் வெட்டு எல்லாமே தவறும். எடிட்டிங், கேம், கீபோர்டு வாசிப்பு மூன்றுக்கும் ஒயர்தான். உங்கள் ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஆக்ஸ் துளை (3.5 மிமீ ஒயர் செருகும் இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நூறு ரூபாய் ஒயரோடு வேலை முடியும். படம் பார்க்க மட்டும் என்றால் விஎல்சி பிளேயரில் ஜே விசையை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒலி 50 மில்லி நொடி முன்னே வரும், கே விசை பின்னே தள்ளும்.

போட்டித் தேர்வு வகுப்புகளை இணையத்தில் கேட்கிறேன். ஆசிரியர் பேசுவது மொத்தையாக இருக்கிறது. சில நேரம் "வலி"யா "வழி"யா என்றே பிரியவில்லை. எந்த ஸ்பீக்கர் நல்லது?
— தேர்வுக்குப் படிப்பவர், திருநெல்வேலி

புதிதாக வாங்கும் முன் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் ஏறக்குறைய 1,500 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 வரையான பகுதியில் இருக்கின்றன. ச, ஸ, ஷ இன்னும் மேலே. பேஸ் அதிகமானால் அது இவற்றை மூடிவிடும். செட்டில் பேஸ் திருகு இருந்தால் பாதிக்கும் கீழே இறக்குங்கள், மேல்சுருதிக்கான ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். "எக்ஸ்ட்ரா பேஸ்", "3டி" போன்ற பொத்தான்களை அணையுங்கள். திருகே இல்லாத ஸ்பீக்கர் என்றால் விண்டோஸுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் குறைத்து, 2,000 முதல் 4,000 வரை 3 டெசிபல் கூட்டினாலே குரல் முன்னே வந்து நிற்கும். ஏற்றுவதைக் காட்டிலும் இறக்குவது நல்லது. அளவுக்கு மேல் ஏற்றினால் உச்சத்தில் பிசிறும்.

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மேசையில் படுத்தபடி வயிற்றைப் பார்த்துப் பாடும் ஸ்பீக்கரில் மேல்சுருதி காதுக்கு வராது, மேசைப்பலகையில் மோதி வரும் எதிரொலிதான் வரும். இரண்டு பழைய புத்தகத்தை அடியில் வைத்து உயர்த்தி, முன்பக்கத்தைக் காதை நோக்கிச் சாயுங்கள்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது? பக்கத்து அறையில் இரவில் சத்தம் என்று புகார் வருகிறது.
— விடுதி மாணவர், திருச்சி

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 60 முதல் 70 சென்டிமீட்டர், அதே தூரம் உங்களுக்கும். ட்வீட்டர் காது உயரத்தில். இப்படி அமைந்தால் பாடகரின் குரல் திரைக்கு நடுவிலிருந்து வரும். சத்தத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்தாலும் எல்லாம் கேட்கும்.

சுவரை ஒட்டினால் பேஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டி என்றால் சுவரிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கொழகொழவென்று ஆகிவிடும்.

பக்கத்து அறைக்குப் போவது பேஸ்தான். நீண்ட அலை சுவரையும் கட்டிலையும் ஆட்டிக்கொண்டு போகும். குரலும் சலங்கையும் அவ்வளவாகப் போகாது. சப்-ஊஃபரைத் தரையில் நேரடியாக வைக்காமல் அடியில் 2, 3 சென்டிமீட்டர் கனத்தில் கெட்டியான ஸ்பாஞ்ச் போடுங்கள், சுவரிலிருந்து நகர்த்துங்கள், இரவில் அதன் திருகை முழுதாக இறக்குங்கள். ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையை இரவாகக் கொள்கின்றன; குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல்தான் அளவு. அந்த நேரத்துக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் நாளைக்குத் தேர்வு எழுதப்போகிறவர் தூங்குகிறார்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்பீக்கர் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— கலைக்கல்லூரி மாணவர், தாம்பரம்

தாராளமாக வாங்கலாம். 2,000 ரூபாய்க்குப் புதிதாகக் கிடைப்பதைவிட நல்ல மரப்பெட்டி ஜோடி பழையதாகக் கிடைக்கும். ஆனால் ஓடவிட்டுக் காட்டாத பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். போகும்போது போனில் மூன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டு, ஒருவர் பேசும் பதிவு, 50 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுருதி. கடைசியாகச் சொன்னது ஸ்வீப் டோன் என்று தேடினால் கிடைக்கும். போனில் இப்போது 3.5 மிமீ துளை இல்லாமல் போவதால் மாற்று முனையும் கையில் இருக்கட்டும்.

முன்வலையைக் கழற்றச் சொல்லி ஊஃபரின் (பெரிய ஸ்பீக்கரின்) ஓரத்து வளையத்தைப் பாருங்கள். ஸ்பாஞ்ச் வளையம் என்றால் நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வருடங்கள் ஓடும்போது பொடிந்துபோகும். விரல் பட்டதும் உதிர்ந்தால் வாங்க வேண்டாம். வளையம் மாற்றத் தெரிந்த ஆள் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ரப்பர் வளையம் நீண்ட நாள் தாங்கும். அடுத்து, நடு மூடியைத் தொடாமல் கோனின் (கூம்பின்) இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்திவிடுங்கள். பஞ்சுபோலப் போய் வர வேண்டும். உள்ளே சரசரவென்று உரசினால் காயில் காந்தத்தில் இடிக்கிறது. அந்த டிரைவர் முடிந்துவிட்டது.

இனி ஓடவிடுங்கள். முதலில் எந்தப் பாட்டும் போடாமல் வால்யூமைப் பாதிவரை ஏற்றிக் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். மெல்லிய "ஸ்ஸ்" இருக்கலாம். உரத்த "ம்ம்ம்" இருந்தால் முன்னே சொன்ன கப்பாசிட்டர் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏறும் சுருதி. அது மேலே போகும்போது ஏதோ ஓர் இடத்தில் மட்டும் "டர்ர்" என்று அதிர்ந்தால் பெட்டியில் விரிசல் அல்லது ஸ்க்ரூ தளர்வு. எல்லா ஸ்க்ரூக்களையும் இறுக்கச் சொல்லி மறுபடி கேளுங்கள். இரண்டு பக்கமும் சம அளவு ஒலிக்கிறதா, இரண்டு ட்வீட்டரும் பாடுகிறதா என்பதைக் காதை ஒவ்வொன்றின் அருகேயும் வைத்துத்தான் அறிய முடியும். ட்வீட்டர் செத்த ஸ்பீக்கர் தூரத்திலிருந்து கேட்டால் "மென்மையான" ஸ்பீக்கர் போலவே ஏமாற்றும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கரின் இரு முனைகளில் வைத்து ஓம் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் 6லிருந்து 7 வரையும், 4 ஓமில் 3லிருந்து 4க்குள்ளும் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. அடாப்டரைத் தனியாக வாங்க நேர்ந்தால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் "ஆர்-" என்று தொடங்கும் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும்.

வீட்டில் பழைய மியூசிக் சிஸ்டம் ஒன்று கெட்டுக் கிடக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் நன்றாக இருக்கின்றன. கணினிக்குப் பயன்படுத்த முடியுமா?
— ஐடிஐ மாணவர், ஈரோடு

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தோம். இருக்கிற பணத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல ஒலி இதுதான். 5, 6 அங்குல ஊஃபர் உள்ள மரப்பெட்டியைப் புதிதாக வாங்கப் போனால் உங்கள் பட்ஜெட்டைப் போல் பல மடங்கு ஆகும். உங்களுக்குத் தேவை சின்ன ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சர்க்யூட்) ஒன்று மட்டுமே.

பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை ஓம் என்று பாருங்கள். 4, 6, 8 எதுவானாலும் பரவாயில்லை. டிபிஏ3110 சிப் உள்ள ஸ்டீரியோ போர்டு ஒன்று, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, 3.5 மிமீ முனையுள்ள ஒயர் ஒன்று, ஸ்பீக்கருக்கு 0.75 சதுர மிமீ இரட்டை ஒயர் தேவையான நீளம். எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வால்யூம் திருகு பொருத்தியே வரும் போர்டாகக் கேளுங்கள். 12 வோல்ட்டில் இந்தப் போர்டு 8 ஓம் பெட்டிக்குப் பக்கத்துக்கு 8, 9 வாட் வரை தரும். பழைய பெரிய பெட்டிகள் குறைந்த வாட்டிலேயே உரக்கப் பாடும் என்பதால் அறை நிறையும்.

இணைக்கும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. முதலாவது, அடாப்டரின் பிளஸ், மைனஸ். போர்டில் செருகும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் சிப் அந்தக் கணமே போய்விடும்.

இரண்டாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. பழைய ஆம்ப்களில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரையும் ஒன்றாக முறுக்கி எர்த்தில் கொடுக்கும் வழக்கம் உண்டு. இந்தச் சிப்பில் அது கூடாது. இதில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் சிப் எதிரெதிராக மின்னழுத்தம் தருகிறது. மைனஸ் என்று எழுதியிருந்தாலும் அது எர்த் இல்லை. இடதுக்கு இரண்டு ஒயர், வலதுக்கு இரண்டு ஒயர் என்று நான்கும் தனித்தனியாகவே போக வேண்டும். ஒன்றோடு ஒன்று தொட்டால் சிப் தன்னை அணைத்துக்கொள்ளும் அல்லது எரிந்துபோகும்.

மூன்றாவது, பிஏஎம்8403 என்ற இன்னும் மலிவான போர்டை வாங்கி அதற்கு 12 வோல்ட் கொடுப்பது. அது 5 வோல்ட் போர்டு, 5.5க்கு மேல் தாங்காது. மொபைல் சார்ஜரில் ஓட்ட ஏற்றது, 4 ஓமில் பக்கத்துக்கு 3 வாட். குட்டி ஸ்பீக்கருக்கு நல்லது, உங்கள் பெட்டிக்குச் சிறிது.

எல்லாம் இணைத்த பிறகு பேஸ் காணாமல் போய், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் எங்கெங்கோ பரவினால் ஒரு பெட்டியின் சிவப்பு, கறுப்பு மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போய், இரண்டும் ஒன்றையொன்று கழிக்கின்றன. ஒரு பெட்டியின் ஒயரை மட்டும் மாற்றிப் போடுங்கள். நிறம் அழிந்த பெட்டி என்றால் ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுக் காட்டுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

பாட்டு கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கேட்கவில்லை! எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருக்கிறது.
— பள்ளி மாணவி, தஞ்சாவூர்

3.5 மிமீ முனை முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது ஒயரின் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. எர்த் இல்லாதபோது இடது, வலது இரண்டின் வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். குரலை இரண்டு பக்கமும் சம அளவில் பதிவு செய்வதால் அது கழிந்துபோகிறது; ஓரங்களில் இருக்கும் வயலினும் எதிரொலியும் மிஞ்சுகின்றன. முனையை "க்ளிக்" என்னும் வரை அழுத்துங்கள். லேப்டாப்புக்குப் போடும் கெட்டி உறை முனையைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் குரல் வராவிட்டால் ஒயரை மாற்றுங்கள்.

வால்யூமைத் திருகும்போது "கரகர" என்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் ஒரு பக்கம் நின்றேவிடுகிறது.
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

திருகுக்குள் இருக்கும் கார்பன் பாதையில் தூசியும் ஈரமும் சேர்ந்திருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகு போர்டில் சேரும் இடத்தில் உள்ள சந்தில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைக் குழாய் வைத்து ஒரே ஒரு முறை அடியுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 20, 30 முறை திருகுங்கள். கால் மணி நேரம் உலரவிட்டு ஆன் செய்யுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட வேண்டாம். அன்றைக்குச் சரியானதுபோல் இருக்கும், ஒரு மாதத்தில் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

சத்தத்தை லேப்டாப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் திருகால் தேவைக்கு இறக்குங்கள். இது "ஸ்ஸ்" இரைச்சலையும் குறைக்கும்.

இரண்டு முறை சுத்தம் செய்தும் ஒரு பக்கம் நின்றால் திருகையே மாற்றலாம். பழையதன் முதுகில் "பி50கே", "ஏ50கே" என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். எண் மட்டும் பொருந்தினால் போதாது, எழுத்தும் பொருந்த வேண்டும். ஏவுக்குப் பதில் பி போட்டால் சத்தம் முதல் கால் திருகலிலேயே முக்கால்வாசி ஏறிவிடும். ஸ்டீரியோவுக்கு 6 கால் உள்ளதைக் கேளுங்கள். தண்டின் நீளமும், அது வழவழப்பா பல்வரி உள்ளதா என்பதும் பழைய மூடிக்குப் பொருந்த வேண்டும் என்பதால், கடைக்குப் போகும்போது பழைய திருகைக் கையோடு எடுத்துப்போங்கள்.